முத்துநங்கைக்குளம் நேரில் ஆஜர்

முத்துநங்கைக்குளத்துக்குக் குடும்ப அட்டை கொடுத்த அன்று நங்கைகுறிச்சியில் குழாய்த் தண்ணீர் வரவில்லை. வரவேண்டியதை எல்லாம் லாரிகளில் ஏற்றிக் குளத்தில் கொண்டுபோய் ஊற்றியிருந்தார்கள். அமைச்சர் முன்னால் குளம் வறண்ட முகத்தோடு இருந்தால் நன்றாகவா இருக்கும்?

இரண்டாயிரத்து நாற்பத்து மூன்று, சித்திரை மாதம். சுற்றுச்சூழல் அமைச்சர் வருகிறார் என்று கரையில் நின்ற பதினேழு மருத மரங்களை வெட்டிப் பந்தல் போட்டிருந்தார்கள். மரம் போனதால் வெயில் கொளுத்தியது. வெயில் தெரியாமலிருக்க எட்டு ஏசி. தரையெல்லாம் பச்சைப் புல். தொட்டுப் பார்த்தால் பிளாஸ்டிக். மேடைக்கு மேலே "இயற்கையும் நம் குடிமகளே" என்று ஒரு பதாகை. அதைத் தாங்கிய இரும்புக் கம்பத்தை வேறு இடம் கிடைக்காமல் குளத்து மடைவாயிலேயே ஊன்றியிருந்தார்கள்.

கூட்டத்தில் முதல் வரிசையில், கையில் மாலையோடு, வேர்த்து விறுவிறுத்து உட்கார்ந்திருந்தவள் பேராச்சி. தாலுகா அலுவலகத்தில் இளநிலை உதவியாளர். முந்தின நாள்தான் தனித் துணை ஆட்சியர் அருள்நந்தி அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டு ஒரு தாளை நீட்டியிருந்தார்.

"இதுல ஒரு கையெழுத்துப் போடுங்கம்மா. நாளையிலேர்ந்து நீங்கதான் குளத்துக்குக் காப்பாளர்."

"குளத்துக்கா? சார், எனக்கு நீச்சலே தெரியாது."

"நீந்த வேண்டாம். கையெழுத்துப் போட்டா போதும். நீர்நிலைகள் ஆள்தகுதிச் சட்டம் வந்திருக்கு இல்லையா? ஆறு, ஏரி, குளம் எல்லாம் இனிமே சட்டப்படி ஓர் ஆள். ஆள்னா பேசணும். அதுக்குத்தான் சேத்துக்குள்ள முப்பத்திரண்டு கருவி புதைச்சிருக்கோம். தண்ணி எவ்வளவு, சகதி எவ்வளவு, மீன் எத்தனை, எவன் எந்தப் பக்கம் கழிவைத் திறந்து விடுறான், எல்லாத்தையும் அளந்து கரையில இருக்கிற பெட்டிக்கு அனுப்பும். பெட்டி அதை மனுஷப் பேச்சா மாத்திச் சொல்லும்."

"எதுக்கு சார் இவ்வளவு பாடு?"

"உலகக் காலநிலை விருதும்மா. இயற்கைக்கு ஆள்தகுதி கொடுத்த அரசாங்கத்துக்குத்தான் தருவாங்களாம்."

"சரி சார். பேச ஆரம்பிச்சா அது என்னத்தப் பேசும்?"

"என்ன பேசும்? நன்றின்னு சொல்லும்."

குளம் செந்தமிழில் பேசவேண்டும் என்றுதான் ஒப்பந்தத்தில் இருந்தது. ஆனால் ஒப்பந்தக்காரர் புலவர்களைத் தேடி அலையவில்லை. குளத்துப் படித்துறையில் ஒலிப்பதிவுக் கருவி ஒன்றை மூன்று மாதம் போட்டுவைத்துவிட்டு ஊருக்குப் போய்விட்டார். துணி துவைக்க வந்த பெண்கள் ஒருத்தியை ஒருத்தி ஏசிக்கொண்டதுதான் பெட்டிக்குக் கிடைத்த ஒரே பாடம்.

அமைச்சர் பொத்தானை அழுத்தினார். ஒலிபெருக்கியை நோக்கிக் கைகூப்பி, குரலில் ஈரம் வரவழைத்துக்கொண்டு, "தாயே! உங்கள் மகன் வந்திருக்கிறேன். நலமா?" என்றார்.

ஒலிபெருக்கி ஒருமுறை செருமியது.

"எவம்ல அது, மடையில கம்பிய ஊனுனது?"

அமைச்சர் கூப்பிய கையோடு கம்பத்தைத் திரும்பிப் பார்த்தார்.

"பிடுங்குங்கல முதல்ல, மூச்சு முட்டுது. ஆமா, நீரு யாருவே? மகனா? நான் பெத்ததெல்லாம் கெண்டையும் கெளுத்தியும்லா. ஒம்ம எப்பம் பெத்தேன்?" சற்று யோசித்தது. "ஓ, மந்திரியா! ஒம்மத் தெரியாம என்ன. தெக்க எம் மடியில காலேசு கட்டிப்போட்டிருக்கீரே, அவருதான? ரெண்டாயிரம் பிள்ளைய, காலம்பற எட்டரைக்கு ஒரே நேரத்துல கக்கூசுல தண்ணிய ஊத்துதுவ. அம்புட்டும் எம் மேலதான் வந்து விழுது. நல்லாருக்கியளான்னு கேக்க வந்துட்டாரு மனுசன்!"

முதலில் சிரித்தது யார் என்று கடைசிவரை காவல்துறையால் கண்டுபிடிக்க முடியவில்லை. பந்தல் முழுக்கச் சிரித்தது. வெளிநாட்டு விருந்தாளிகளும் எழுந்து நின்று கைதட்டினார்கள். அவர்கள் காதுக்கு வந்த மொழிபெயர்ப்பில், "வந்தமைக்கு நன்றி, மகனே" என்று இருந்தது. விருதும் கிடைத்தது.

பேராச்சிக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. மந்திரியின் கல்லூரியைக் கண்டுகொண்ட குளத்துக்கு லேக் வியூ நகர் ஆறாம் எண் வீட்டைக் கண்டுகொள்ள எவ்வளவு நேரம் ஆகும்?

அது அவள் வீடு. கல்யாணம் ஆகிப் பதினான்கு வருஷம் வாடகை வீடுகளில் குடியிருந்தவள். சாமி படம் மாட்ட ஆணி அடிக்கவும் வீட்டுக்காரர் உத்தரவு கேட்டு நின்றவள். சொந்த வீட்டுக்குக் குடிபுகுந்த அன்று பால் காய்ச்சுவதற்கு முன்னாலேயே சுத்தியலை எடுத்து நாற்பத்தோரு ஆணி அடித்தாள். மாட்ட ஒன்பது சாமான்தான் இருந்தது. மிச்ச ஆணிகள் சும்மா இருந்தன. அவற்றைப் பார்க்கையில் அவளுக்கு நெஞ்சு நிறைந்தது. வீட்டுக்கு ஒரே குறை, பட்டா இல்லை. "இன்னா வருது, அன்னா வருது" என்று விற்றவர் சொல்லி ஆறு வருஷம் ஆகிறது.

தினமும் மாலை நான்கு மணிக்குக் குளத்தின் வாக்குமூலத்தைக் கேட்டு எழுதிக்கொள்வது காப்பாளர் வேலை. முதல் வாரம் பயந்துகொண்டே போனாள். இரண்டாம் வாரம் முறுக்கு வாங்கிக்கொண்டு போனாள். ஆயிரத்து நூறு வயசுக்காரியை அவள் 'யக்கா' என்றாள். அது இவளை 'ஏட்டி' என்றது. மருமகள் சண்டையிலிருந்து மழைக்குறி வரைக்கும் அதற்குத் தெரியாத சங்கதி இல்லை.

"எழுதிக்கிடு. நான் இருநூத்திப் பன்னெண்டு ஏக்கர். இப்பம் அறுபத்தொண்ணுதான் மிச்சம். மீதிய எனக்குத் திருப்பித் தரணும்னு கலெக்டருக்கு மனுக் குடுக்கணும்."

பேராச்சியின் பேனா நின்றது. "யக்கா, அந்த மீதியில லேக் வியூ நகரும் வருதோ?"

"அங்கனதான் எனக்கு அடிவயிறு. ஏன் கேக்க?"

"சும்மாதான்."

"சும்மா கேக்க கொரலா இது?" பெட்டி கொஞ்ச நேரம் கொர்ரென்றது. "ஆறாம் நம்பரா? மாடிப்படிக்கு அடியில சொவரு ஓதம் அடிக்கி, இல்ல? அது நான்தான்ட்டி. தடவிப் பாத்தேன். கொத்தன் நல்லாத்தான் பூசியிருக்கான்."

பேராச்சி ஒரு முறுக்கை எடுத்துக் கடித்தாள்.

திங்கட்கிழமை குறைதீர்க்கும் நாளில் குளம் காப்பாளர் வழியாக மனுக் கொடுத்தது. மனு வருவாய்த் துறைக்குப் போயிற்று. அங்கிருந்து பேரூராட்சி, அங்கிருந்து நீர்வளத் துறை, அங்கிருந்து சுற்றுச்சூழல், அங்கிருந்து 'நீர்நிலை ஆளுமை ஆணையம்' என்று ஊர்சுற்றி, ஐந்தாம் மாதம் "தகுந்த நடவடிக்கைக்கு" என்ற முத்திரையோடு பேராச்சியின் மேசைக்கே திரும்பி வந்தது. அவளிடம்தான் புல வரைபடம் இருந்தது. அளந்து பார்த்தாள். கல்லூரி, புதுப் பேருந்து நிலையம், லேக் வியூ நகர். இவற்றோடு அந்த ஆணையத்துக்கென்றே கட்டிய மூன்று மாடிப் பசுமை மாளிகையும் குளத்துக்குள்தான் இருந்தது. மொட்டைமாடியில் சூரியத் தகடு. வாசலில் 'நீரின்றி அமையாது உலகு'.

ஆணையத்துக்கும் பொறுப்பாளரான அருள்நந்தி அந்த மாளிகையின் மேல்மாடியில், தகடு கொடுத்த மின்சாரத்தில் போர்வை போர்த்தும் அளவுக்குக் குளிர்ந்துகொண்டிருந்தார்.

"குளத்தை மூடிடலாம்னா இப்ப அது ஆள். மூடினா கொலைக்கேஸ் ஆகிடும்" என்றார் கவலையோடு. பிறகு மெல்லச் சிரித்தார். "ஆனா ஆளுக்கு ஒரு வசதி இருக்கும்மா. ஆள் சாகலாம்."

"விளங்கல சார்."

"பென்ஷன்காரங்க வருஷா வருஷம் நேர்ல வந்து உயிரோட இருக்கேன்னு காட்டுறாங்க இல்ல? நேர்காணல். அது எல்லா ஆளுக்கும் பொது. குளமும் நவம்பர் முப்பதுக்குள்ள இந்த ஆபீசுக்கு நேர்ல வரணும். வரலைன்னா 'வரவில்லை'ன்னு காப்பாளர் எழுதிக் கையெழுத்துப் போடணும். சட்டப்படி இறந்ததாகக் கருதப்படும்."

"குளம் எப்படி சார் நடந்து வரும்?"

"அது அவங்க பாடு. சட்டம் யாருக்கும் வளையக் கூடாது." போர்வையைச் சரிசெய்துகொண்டார். "இறந்த நீர்நிலையில வீடு கட்டினவங்களுக்கு ஒரே வாரத்துல பட்டா. லேக் வியூ நகர் ஆறு உங்க வீடுதானே?"

வீட்டில் அவள் புருஷன் சங்கிலி இதைக் கேட்டுத் துள்ளிக் குதித்தான். கேன் தண்ணீர் வியாபாரம் செய்பவன். வாசல் முழுக்க நீலக் கேன்கள்.

"போட்டுத் தொலைட்டி கையெழுத்த! ஒரு கோடு இழுக்க இம்புட்டு ரோசனையா?"

"அது என்னப் பேரு சொல்லிக் கூப்பிடுது."

"பட்டா வரட்டும், நானும் நாளைக்கி நூறு தடவ கூப்பிடுதேன்."

"ஒங்க கேன் தண்ணியே அதுல இருந்துதான ஊறி வருது?"

"அது ஊத்து. இது குளம். ரெண்டையும் போட்டுக் கொழப்பாத." சங்கிலி ஒரு கேனைத் தோளில் தூக்கிக்கொண்டு வெளியே போனான்.

மறுநாள் பேராச்சி தயங்கித் தயங்கிக் குளத்திடம் சொன்னாள். வராவிட்டால் என்ன ஆகும் என்பதையும், அப்படி ஆனால் தனக்கு என்ன கிடைக்கும் என்பதையும் மறைக்கவில்லை.

"நேர்ல வரணுமாக்கும்? வந்தாப் போச்சி."

"எப்படிக்கா வருவிய?"

"நான் இருந்த எடத்துக்கு எனக்கு வழி சொல்லணுமோ? நீ சாந்துப்பொட்டெல்லாம் வச்சி ரெடியா இரு."

இரண்டே நாளில் பராமரிப்புப் பணி என்று சொல்லிப் பெட்டியைக் கழற்றிக்கொண்டு போய்விட்டார்கள். நான்கு மணிக்கு வந்த பேராச்சி படித்துறையில் உட்கார்ந்து தண்ணீரில் கையை விட்டாள். தண்ணீர் சும்மா கிடந்தது. "யக்கா" என்று கூப்பிட்டுப் பார்த்தாள். தூரத்தில் ஒரு நாரை திரும்பிப் பார்த்தது.

நவம்பர் இருபத்தாறாம் தேதி மழை பிடித்தது. பிடித்த மழை விடவில்லை. உபரி நீர் போகும் மறுகால் ஓடையின் வாயை அடைத்துக்கொண்டு பேருந்து நிலையம் இருந்ததால், குளத்துக்குப் போக இடமில்லை. நிறைந்தது, விம்மியது, யோசித்தது. இருபத்தொன்பதாம் தேதி மாலை அருள்நந்தி சாளரத்தைத் திறந்து பார்த்தார். உடனே மறுநாள் அரசு அலுவலகங்களுக்கு மழை விடுமுறை என்று அறிவிப்பு வந்தது.

முப்பதாம் தேதி காலை பத்து மணிக்கு, அலுவலகம் திறக்கிற நேரத்துக்குச் சரியாக, முத்துநங்கைக்குளம் பசுமை மாளிகைக்கு வந்தது. அவசரப்படவில்லை. மூன்று படிகளையும் ஒவ்வொன்றாக ஏறியது. "காலணிகளை வெளியே விடவும்" என்ற பலகையைப் பார்த்ததோ என்னவோ, வெளியே கிடந்த ஊழியர் செருப்புகளை எல்லாம் உள்ளே அழைத்துக்கொண்டு வந்தது. விசாரணை மேசையைச் சுற்றிப் பார்த்தது. அங்கே வழக்கம்போல் யாரும் இல்லை. கூடத்தில் பரவி உட்கார்ந்துகொண்டது.

லேக் வியூ நகரில் முழங்கால் தண்ணீர். யாருக்கும் ஆபத்தில்லை, எல்லோரும் மாடியில் இருந்தார்கள். சங்கிலி தன் காலிக் கேன்கள் முப்பதையும் கயிற்றால் பிணைத்து, மேலே கதவுப் பலகையைப் போட்டு ஒரு தெப்பம் செய்தான். பேராச்சி சாந்துப்பொட்டு வைத்து, நேர்காணல் கோப்பைப் பிளாஸ்டிக் பையில் சுற்றிக்கொண்டு ஏறினாள். அவன் மூங்கிலால் தள்ளிக்கொண்டே, "விடுமுறையில ஆபீசுக்குப் போற ஒரே கவர்மெண்டு உத்தியோகஸ்தி நீதாம்ட்டி" என்று பெருமைப்பட்டான்.

முதல் மாடிப் படிக்கட்டில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு அருள்நந்தி நின்றிருந்தார். விருந்தினர் அறையில் தங்கியிருந்தவர் வெளியே போக வழியில்லை.

"சார், மனுதாரர் வந்திருக்காவ."

"இன்னைக்கு விடுமுறை. செல்லாது."

"கடைசித் தேதி விடுமுறையானா அடுத்த வேலை நாள் செல்லும் சார். விதி இருக்கு."

"அப்ப வேலை நாள்ல வரச் சொல்லுங்க!"

வேலை நாள் வருவதாயில்லை. விடுமுறையை நீட்டினார், மறுபடி நீட்டினார். குளம் எழுந்து போனால்தானே? அரசு அலுவலகத்தில் காத்திருக்கிற மனுதாரருக்கு வேறு என்ன வேலை? மழை விட்டும் அது உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தது. மீன்கள் கோப்பறைக்குள் போய்ப் பார்த்துவிட்டு வந்தன.

நான்காம் நாள் தலைநகரில் அமைச்சர் பேட்டி கொடுத்தார். "நங்கைகுறிச்சியில் முற்றிலும் இயல்புநிலை திரும்பிவிட்டது. அலுவலகங்கள் வழக்கம்போல் இயங்குகின்றன. தண்ணீர் தேங்கியிருப்பதாகச் சொல்வது எதிர்க்கட்சிகளின் கற்பனை."

அமைச்சர் சொல்லிவிட்டால் முடிந்தது. ஊழியர்கள் வழக்கம்போல் இயங்குவதற்காகப் பரிசலிலும் டிராக்டரிலும் வந்து சேர்ந்தார்கள். வருகைப்பதிவேடு ஒரு அண்டாவில் மிதந்து ஒவ்வொருவரிடமும் போய்க் கையெழுத்து வாங்கியது. இயல்புநிலையை வேடிக்கை பார்க்க ஊரே படிக்கட்டுகளில் வந்து குவிந்தது.

"வேலை நாள் சார்" என்றாள் பேராச்சி.

நூறு கைப்பேசிகள் படம் பிடிக்க, இடுப்பளவு தண்ணீரில் அருள்நந்தி படிவத்தை விரித்தார். கேட்டுத்தான் ஆகவேண்டும், படிவம் அப்படி.

"பெயர்?"

"முத்துநங்கைக்குளம்" என்றாள் காப்பாளர்.

"வயது?"

"ஆயிரத்து நூறு. பிறந்த தேதிக்குச் சான்று இல்ல, கல்வெட்டு இருக்கு."

"அங்க அடையாளம்?"

ஒரு கெளுத்தி அவர் வேட்டிக்குள் புகுந்தது. அருள்நந்தி போட்ட கூச்சலைக் காப்பாளர் "மீசை உண்டு" என்று எழுதிக்கொண்டாள். கூட்டம் விசிலடித்தது.

"இடது பெருவிரல் ரேகை?" என்றார் அவர், பல்லைக் கடித்துக்கொண்டு.

பேராச்சி குனிந்து படிவத்தின் மூலையைத் தண்ணீரில் ஒரு நொடி வைத்து எடுத்தாள். வண்டல், வட்ட வட்டமாக, அழகாகப் பதிந்திருந்தது. "உயிருடன் இருக்கிறார்" என்ற இடத்தில் அருள்நந்தி கையெழுத்துப் போட்டார்.

போட்ட கையோடு மேல்மாடிக்கு ஏறி வந்து சீறினார். "உயிரோட இருக்குல்ல? ஆள்னா தண்டனையும் உண்டு! அரசுக் கட்டடத்துல நாலு நாளா அத்துமீறி உக்காந்திருக்கு. ஆக்கிரமிப்பு நோட்டீஸ் போடுங்க. ஏழு நாள்ல காலி பண்ணலைன்னா ஆயிரம் லாரி மண்ணு. இன்னைக்கே!"

பேராச்சி கணினி முன் உட்கார்ந்தாள். ஆக்கிரமிப்பு நோட்டீஸ் அவள் ஆயிரம் முறை அடித்ததுதான். புல எண், நிலத்தின் வகைப்பாடு, உரிமையாளர், ஆக்கிரமிப்பாளர் என்று நான்கே கட்டம். பழைய நிலப்பதிவேட்டைப் பிரித்தாள். புல எண் 417. இருநூற்றுப் பன்னிரண்டு ஏக்கர். வகைப்பாடு: குளம். கணினியில் இருந்த புதுப் பதிவில் அந்த இடம் காலியாக இருந்தது. எதை அடித்தாலும் ஏற்றுக்கொள்ளும். 'அரசுப் புறம்போக்கு' என்று அடித்தால் குளம் குற்றவாளி, மண் விழும், ஆறாம் எண் வீட்டுக்குப் பட்டா வரும்.

கீழே தண்ணீர் படிச்சுவரில் தளக் தளக்கென்று தட்டிக்கொண்டிருந்தது. அவள் அதைச் சற்று நேரம் கேட்டாள். மூக்கைச் சிந்திக்கொண்டாள். பிறகு அடித்தாள்.

வகைப்பாடு: குளம். உரிமையாளர்: முத்துநங்கைக்குளம், உயிருடன் உள்ளார். ஆக்கிரமிப்பாளர்: நான்கு பெயர். கல்லூரி, பேருந்து நிலையம், பசுமை மாளிகை. எல்லாவற்றுக்கும் மேலே முதல் பெயராக லேக் வியூ நகர், ஆறாம் எண்.

கையெழுத்துக்குப் போகும் தாள்களைப் படிக்கட்டுப் போல் அடுக்கி, கையெழுத்திடும் ஓரம் மட்டும் தெரியும்படி வைப்பது அந்த அலுவலகத்து வழக்கம். அதிகாரிகளின் நேரம் வீணாகக் கூடாது. அருள்நந்தி அமைச்சரோடு கைப்பேசியில் பேசிக்கொண்டே, "ஆமாங்க சார், நோட்டீஸ் போட்டாச்சு சார், தயவு தாட்சண்யமே கிடையாது சார்" என்று ஓரம் ஓரமாகக் கையெழுத்திட்டு முடித்தார்.

பேராச்சி முத்திரை குத்தினாள். ஒரு பிரதியைத் தபாலுக்கும் இன்னொன்றை நீதிமன்றத்துக்கும் அனுப்பினாள். மூன்றாவதைப் பசுமை மாளிகையின் வாசல் தூணில், தண்ணீர் மட்டத்துக்கு ஒரு சாண் மேலே, பசை தடவி ஒட்டினாள். நாலு பேர் எட்டிப் படித்தார்கள். படித்தவர்கள் படிக்காதவர்களுக்குச் சொன்னார்கள். படிக்கட்டில் சிரிப்பு ஒவ்வொரு படியாக மேலே ஏறிப் போய்க்கொண்டிருந்தது.

அது மேல்மாடியை எட்டுவதற்குள் அவள் தெப்பத்தில் ஏறிவிட்டாள். மடியில் பசை வாளி.

"எங்கட்டி போகணும்?" என்றான் சங்கிலி.

"வீட்டுக்கு. இன்னும் ஒரு காயிதம் ஒட்ட வேண்டியிருக்கு."

"நம்ம வீட்டுலயா?" அவன் முகம் மலர்ந்தது. "பட்டாவா?"

"ஒட்டிட்டுச் சொல்லுதேன். நீங்க கம்ப ஊனித் தள்ளுங்க."

சங்கிலி உற்சாகமாக ஒரு தள்ளுத் தள்ளினான். கேன்கள் கடகடவென்று உரசிக்கொள்ள, தெப்பம் குளத்தின் மேல் போயிற்று.